கடி மாறிவிட்டதா, தாடை வலிக்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

"டாக்டர், என் கடி மாறிடுச்சு." கடி என்றால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம். நாற்காலியில் சாய்ந்ததும் இப்படி ஆரம்பிப்பவர்களை நான் உடனே வாயைத் திறக்கச் சொல்வதில்லை. முதலில் ஒரு கேள்வி: வலி முன்னால் வந்ததா, கடி மாறியது முன்னால் வந்ததா? நிறையப் பேர் அதை யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பாதி நோயறிதல் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அரை மில்லிமீட்டர் உயர்ந்துவிட்ட ஒரு பல் தாடையை வலிக்க வைக்கும். அதேபோல, வீங்கிய தாடை மூட்டு தாடையைக் கொஞ்சம் நகர்த்தி, பற்கள் சேரும் விதத்தையே மாற்றிவிடும். கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். முதல் வகையில் பல்லைச் சரி செய்தால் போதும். இரண்டாம் வகையில் பல்லின் மேல் கை வைத்தால், வீக்கம் வடிந்த பிறகு புதிதாக ஒரு கோளாறு மிஞ்சும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோணலான கடி பல்லுக்கும் ஈறுக்கும் செய்யும் கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தது. தாடை வலிக்கும் அதற்கும் உள்ள உறவு, பலர் நினைக்கும் அளவுக்கு நெருக்கமானது இல்லை. கோணல்மாணலான வரிசையோடு ஒரு நாளும் வலியறியாமல் இருப்பவர்கள் ஏராளம். அளந்து வைத்தது போன்ற பற்களோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

தொடங்கும் முன்: கண்ணாடி முன்னால் 5 நிமிடம்

உதட்டை மூடி, தோளைத் தளர்த்தி உட்காருங்கள். இப்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? தொடக் கூடாது. சும்மா இருக்கும்போது நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் பற்கள் தொடும் நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு நாளில் அரை மணி நேரம் தேறாது. இதைப் படித்துக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை இப்போதுதான் கவனித்தீர்கள் என்றால், நேராகக் கீழே, காலையில் எழுந்ததும் வரும் வலி பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

அப்புறம், எச்சிலை விழுங்கிவிட்டுக் கடைவாய்ப் பற்கள் சேரும்படி மெதுவாகக் கடித்து, உதட்டை விரலால் விலக்கிப் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மறைக்கும். மேல் பல் கீழ்ப்பல்லுக்கு 2, 3 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும். பின்பக்கம், பாத்திரத்தின் விளிம்புக்கு வெளியே மூடியின் விளிம்பு இறங்குவது போல, மேல்வரிசை கீழ்வரிசைக்குச் சற்று வெளியே அமரும். இது பாடப்புத்தக அளவு. கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் அது நோய் ஆகாது.

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் வாய் திறப்பு போதுமானது. பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் திறப்பது இயல்பு. திறக்கும்போது கீழ்த்தாடை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் தசையையும், காதுத் துளைக்கு முன்னால் வாய் திறக்கும்போது அசையும் குமிழையும் ஒரு விரலால் அழுத்துங்கள். எது வலிக்கிறது, எந்தப் பக்கம், எந்தத் தேதியிலிருந்து என்று குறித்துவைத்தால் மருத்துவரிடம் பேச எளிதாக இருக்கும்.

"பல் அடைத்து வந்ததிலிருந்து ஒரு பல் மட்டும் முதலில் இடிக்கிறது"

எல்லாவற்றிலும் எளிதாகத் தீரக்கூடியது இதுதான். ஆனாலும் வாரக்கணக்கில் பொறுத்துக்கொண்டு இருப்பவர்கள்தான் அதிகம். பல் மருத்துவராக இருந்தும் நானே பொறுத்திருக்கிறேன்.

எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் ஃபில்லிங் போட்டார்கள். மரத்துப்போன வாயோடு "கடிச்சுப் பாருங்க, சரியா இருக்கா?" என்று கேட்டார்கள். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். மரத்த வாய்க்கு எல்லாமே சரியாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் அந்தப் பல் மட்டும் பக்கத்துப் பற்களுக்கு முன்னால் ஓடிவந்து இடித்தது. மூன்றாம் நாள் அந்தப் பக்கம் மெல்லவே முடியவில்லை. வலியை விலக்க நானே அறியாமல் தாடையைச் சற்று வலப்பக்கம் தள்ளிக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் வலக்கன்னத் தசையும் வலிக்க ஆரம்பித்தது. திரும்பப் போனபோது நீலக் கார்பன் தாளைப் பல்லுக்கு நடுவே வைத்துத் தட்டச் சொன்னார்கள். நல்ல தொடுகை என்றால் பல பற்களில் சின்னச் சின்னப் புள்ளி விழும். எனக்கு மற்ற பற்களெல்லாம் வெறுமையாக இருக்க, ஃபில்லிங்கின் மேல் மட்டும் கடுகளவு நீலத் திட்டு, அதன் நடுவில் வெளிறிய ஒரு வட்டம். அழுத்தம் அதிகமாக விழும் இடத்தில் மை ஒதுங்கி இப்படி வட்டமாகும். இரண்டு முறை லேசாக ராவியதும் தீர்ந்தது. மொத்தமே 3 நிமிட வேலை.

இத்தனை சிறிய உயரம் ஏன் இத்தனை தொந்தரவு தருகிறது என்றால், பல் எலும்போடு ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள நரம்புகள் தலைமுடியைவிட மெல்லிய தாளைக்கூட உணர்ந்துவிடும். கடிக்கும்போதெல்லாம் ஒரே பல் இடிபட்டால் அந்தப் படலம் கன்றிப்போகும்.

செய்ய வேண்டியது: மரப்பு போன பிறகும் இடித்தால் ஓரிரு நாள் பாருங்கள். குறையவில்லை என்றால், போட்டவரிடமே திரும்பப் போய் உட்கார்ந்த நிலையில் கடித்துக் காட்டுங்கள். படுத்தபடி கடிக்கும்போது தாடை சற்றுப் பின்னால் போகும். தட்டிக் காட்டினால் மட்டும் போதாது, பக்கவாட்டில் தேய்த்தும் காட்டுங்கள். நேராகக் கடிக்கும்போது இடிக்காத கேப்கூட (பல்லின் மேல் ஒட்டும் உறை) பக்கவாட்டில் நகரும்போது இடிக்கலாம். சரி செய்த அன்றே வலி முழுக்கப் போகாது. கன்றிய படலம் ஆறச் சில நாள் பிடிக்கும். "பழகிப்போயிடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் இன்னொரு தடவை போங்கள். வீட்டில் நகம் ராவும் அரத்தை எடுக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"எதுவுமே செய்யவில்லை, ஆனாலும் ஒரு பல் உயர்ந்த மாதிரி இருக்கிறது"

இங்கே கடியைச் சந்தேகிக்கும் முன் அந்தப் பல்லையே சந்தேகியுங்கள். வேர் நுனியில் சீழ் கட்டினால் பல் தன் குழியிலிருந்து ஒரு நூலளவு மேலே தள்ளப்படும். தட்டினால் வலிக்கும். சூடு பட்டால் விண்விண் என்று தெறிக்கும், இல்லாவிட்டால் சூடும் குளிரும் எதுவுமே தெரியாது. இதை ராவிவிட்டால் ஒரு நாள் சுகமாக இருக்கும். சீழ் அங்கேயேதான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர் சிகிச்சை செய்தோ பல்லை எடுத்தோதான் இதைத் தீர்க்க முடியும்.

கடிக்கும்போது வலிக்காமல், கடித்ததை *விடும்போது* சுருக்கென்று குத்தினால் பல்லில் விரிசல் இருக்கலாம். மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. மருத்துவர் ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சியைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடிக்கச் சொல்லித் தேடுவார். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கேப் போட்டுக் காப்பாற்றக்கூடிய பல், விரிசல் வேர் வரை இறங்கிவிட்டால் பிடுங்க வேண்டியதாகிவிடும்.

முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"காலையில் எழுந்ததும் தாடை கனக்கிறது, நெற்றிப்பொட்டு வலிக்கிறது"

பெரும்பாலும் இரவில் பல்லைக் கடிக்கிறீர்கள். பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் நறநறச் சத்தம் கேட்டதா என்று சொல்வார். சத்தமே இல்லாமல் இறுக்கிக் கடிப்பவர்களும் உண்டு. அவர்களைக் காட்டிக்கொடுப்பது வேறு தடயங்கள்: நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த வளைவுகள், கன்னத்தின் உட்பக்கம் பற்கள் சேரும் உயரத்தில் ஓடும் வெள்ளைக் கோடு, தட்டையாகத் தேய்ந்த கோரைப்பல் முனை.

கடி கோணலாக இருப்பதால்தான் பல்லைக் கடிக்கிறோம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். தூக்க ஆய்வுகள் வந்த பிறகு அந்தக் கருத்து நிற்கவில்லை. இரவுக் கடிப்பு மூளையிலிருந்து வருகிறது. தூக்கத்திலிருந்து ஒரு கணம் மேலெழும் நேரங்களில் தாடைத் தசைகள் தாளமாகச் சுருங்குகின்றன. மன அழுத்தம், காபி, மது, புகை, மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் எல்லாம் இதைக் கூட்டும். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால் தூக்க மருத்துவரையும் பாருங்கள். மாத்திரையைச் சந்தேகித்தால் எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பகல் கடிப்பு தனி வகை. கணினித் திரையைப் பார்க்கும்போது, வண்டி ஓட்டும்போது, கோபத்தை அடக்கும்போது நாம் அறியாமலே செய்வது. இதற்கு நான் சொல்லும் வைத்தியம் தமிழ் பேசுபவர்களுக்கு எளிதாகக் கிடைத்த வசதி. 'ந' சொல்லிப் பாருங்கள், நாக்கு பல்லைத் தொடும். 'ண' சொன்னால் நாக்கு மடங்கி மேலே போகும். 'ன' சொல்லும்போது மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் ஈற்று மேட்டில் நிற்கும். நாக்கை அந்த 'ன' இடத்தில் வைத்து உதட்டை மூடினால் பற்கள் தாமாக விலகும். கைபேசியில் ஒரு மணிக்கு ஒரு தடவை ஒலி வைத்து, அது அடிக்கும்போதெல்லாம் நாக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதல் வாரம் சலிப்பாக இருக்கும். ஆனால் பலருக்கு, இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டைவிட இதுதான் உதவியிருக்கிறது.

நைட் கார்டு பற்றி நான்கு வார்த்தை. அது கடிப்பதை நிறுத்தாது, பல் தேயாமல் காக்கும். சிலருக்குத் தசை வலியும் குறையும். கெட்டியான அக்ரிலிக்கில், ஒரு வரிசைப் பற்கள் எல்லாவற்றையும் மூடும்படி, உங்கள் வாய்க்கு அளவெடுத்துச் செய்ததுதான் வேண்டும். முன்பற்களை மட்டும் மூடும் சின்னக் கார்டை மாதக்கணக்கில் கண்காணிப்பு இல்லாமல் போட்டால், மூடாமல் விட்ட பின்பற்கள் மெல்ல வளர்ந்து மேலே வரும். அப்புறம் முன்பற்கள் சேராது. வலிக்கு வைத்தியம் தேடிப் போய் உண்மையாகவே கடியை மாற்றிக்கொண்ட கதையாகிவிடும்.

வலி கூடிய வாரங்களில் மெத்தென்ற உணவு, கன்னத்தில் 15, 20 நிமிடம் இளஞ்சூட்டு ஒத்தடம், கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே மடக்கிய கையை அணை கொடுப்பது, சூயிங்கம்மை விடுவது. இவ்வளவிலேயே பெரும்பாலான தாடை வலி சில வாரங்களில் அடங்கும்.

"வாயைத் திறந்தால் 'டக்' என்கிறது"

கீழ்த்தாடையின் குமிழுக்கும் மண்டை ஓட்டின் குழிக்கும் நடுவே சின்ன மெத்தை போல ஒரு தட்டு உண்டு. அது சற்று முன்னால் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது குமிழ் அதன் பின்விளிம்பைத் தாண்டி ஏறும். அந்த ஏற்றம்தான் 'டக்'. மூடும்போது நழுவி இறங்கினால் இன்னொரு மெல்லிய 'டக்'.

வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது, சத்தம் மட்டும்தான் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். மிகச் சாதாரணமான விஷயம் இது. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும், சிலருக்குத் தானாகப் போய்விடும். சத்தம் வருகிறதா என்று நாள் முழுக்கத் திறந்து திறந்து பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். சத்தத்தைப் போக்கக் கிளிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானிக்கலாம். பல்லை நகர்த்துவது நழுவிய தட்டைத் திரும்பக் கொண்டுவரும் என்று உறுதி சொல்ல முடியாது. அதேபோல, கிளிப் போட்டதால்தான் தாடை கெட்டது என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை.

'டக்' என்பதற்குப் பதிலாக மணலை மிதிப்பது போல நறுநறு என்றால் மூட்டின் மேற்பரப்பு தேய்ந்திருக்கலாம். வலியும் இருந்தால் காட்டுங்கள்.

"வாய் திறக்கவில்லை" அல்லது "திறந்த வாய் மூடவில்லை"

பல மாதமாக வந்த 'டக்' ஒரு நாள் சட்டென்று நின்று, வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல், தாடை ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனால், நழுவிய தட்டு குமிழுக்கு முன்னால் சிக்கியிருக்கிறது. பலவந்தமாகத் திறக்க வேண்டாம். சில நாட்களுக்குள் பார்த்தால் சரி செய்வது எளிது. ஞானப்பல் எடுத்த பிறகும், தாடை நரம்புக்கு ஊசி போட்ட பிறகும் தசை இறுகி இப்படி ஆகும். அது மெல்ல விடும். காய்ச்சலோ வீக்கமோ சேர்ந்தால் சீழ், அன்றே போக வேண்டும்.

கொட்டாவி விட்ட வாய் அப்படியே நின்றுவிட்டால் குமிழ் குழியை விட்டு வெளியே வந்திருக்கிறது. அவசரப் பிரிவு. வீட்டில் இழுத்துப் பார்க்க வேண்டாம்.

"நேற்று வரை சரியாக இருந்தது, இன்று பற்கள் சேரவில்லை"

தொடக்கத்தில் கேட்ட கேள்வி மிக அவசியமாவது இங்கேதான். பற்கள் ஒரே இரவில் இடம் மாறுவதில்லை. ஒரே இரவில் மாறக்கூடியது தாடை நிற்கும் இடம்.

மூட்டில் நீர் கோத்துக்கொண்டால் குமிழ் கீழே தள்ளப்பட்டு, அந்தப் பக்கக் கடைவாய்ப் பற்கள் தொடாமல் நிற்கும். குமிழை முன்னே இழுக்கும் தசை பிடித்துக்கொண்டாலும் இதே கதைதான். வலிக்கும் பக்கத்தில் பின்பற்கள் விலகி, எதிர்ப்பக்கக் கோரைப்பல் முதலில் இடிக்கும். நோயாளி அந்தக் கோரைப்பல்லைக் காட்டி "இதைக் கொஞ்சம் ராவி விடுங்க" என்பார். கேட்பதில் தவறில்லை, அவருக்கு இடிப்பது அதுதானே. ராவினால் மாட்டிக்கொண்டோம். இரண்டு வாரத்தில் வீக்கம் வடியும், தாடை பழைய இடத்துக்குத் திரும்பும். ராவிய பல் திரும்ப வளராது.

அதனால் இந்த நேரத்தில் நிரந்தரமான எதையும் செய்ய விடாதீர்கள். மெத்தென்ற உணவு, ஒத்தடம், வயிறும் சிறுநீரகமும் இடம் கொடுத்தால் மருத்துவர் சொல்லும் வீக்கம் குறைக்கும் மாத்திரை. இத்தனையும் செய்து, அப்புறம் கடியை மறுபடி பார்க்கலாம்.

விதிவிலக்கு ஒன்று: விழுந்தோ அடிபட்டோ கடி மாறினால் எலும்பு முறிந்திருக்கலாம். மோவாயில் பட்ட அடி, காதுக்கு முன்னால் உள்ள குமிழின் கழுத்தை ஒடிக்கும். கீழுதடு மரத்துப்போனாலும், வாய்க்குள் நாக்குக்கு அடியில் கன்றி நீலமாக இருந்தாலும் அன்றே எக்ஸ்ரே எடுங்கள்.

"வருடக்கணக்கில் மெல்ல மாறியிருக்கிறது"

பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். முன்பற்களுக்கு நடுவே இல்லாத இடைவெளி விழுந்து, பற்கள் விசிறி போல விரிந்திருந்தால் ஈறு நோய் எலும்பைக் கரைத்திருக்கிறது. ஈற்றில் இரத்தம் கசிகிறதா, பல் ஆடுகிறதா, சர்க்கரை நோய் இருக்கிறதா, புகைக்கிறீர்களா என்று பாருங்கள். இங்கே முதல் வேலை ஈறு வைத்தியம். அதை விட்டுவிட்டுக் கிளிப் போட்டால் மிச்ச எலும்பும் போகும்.

கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டவர்களுக்குப் பின்னால் உள்ள பல் பள்ளத்துக்குள் சாயும், எதிர்வரிசைப் பல் தாங்க ஆளில்லாமல் நீண்டு இறங்கும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, எத்தனை வேகம் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். சாய்ந்த பல்லின் கீழே துணுக்கு மாட்டிச் சொத்தை விழுவது வரை வந்தால் வேலை பெரிது.

தூக்கத்தில் மூச்சு நிற்பதற்காகக் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் கருவி போடுபவர்களுக்குக் காலையில் கொஞ்ச நேரம் பின்பற்கள் சேராது. வருடங்கள் போகப் போகக் கடியே சற்று மாறலாம். அதற்காகக் கருவியை விட்டுவிடாதீர்கள், கொடுத்தவரிடம் சொல்லுங்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இரு பக்கக் குமிழும் கரைந்து, பின்பற்கள் மட்டும் தொட்டு முன்பக்கம் திறந்து நிற்கலாம். அபூர்வமாக, கீழ்த்தாடை வளர்ந்துகொண்டே போவதோடு மோதிரமும் செருப்பும் சேராமல் போனால், அது வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் அறிகுறி. பல் மருத்துவரின் வேலை ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்பிவைப்பது மட்டும்தான்.

"சின்ன வயதிலிருந்தே கோணல்தான், வலி எதுவும் இல்லை"

அப்படியானால் தாடையை விட்டுவிட்டுப் பல்லையும் ஈற்றையும் பார்க்கலாம். எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் முதல் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் விதத்தை வைத்துக் கடியை மூன்று வகுப்பாகப் பிரித்தார். இன்றும் உங்கள் சீட்டில் எழுதுவது அந்த எண்ணைத்தான். இரண்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தால் அது ஒரு வர்ணனை. எத்தனை கெடுதல் என்பதை அந்த எண் சொல்லாது.

கெடுதலைத் தேட வேண்டிய இடம் வகைக்கு வகை மாறும். எத்துப்பல் என்றால் அடிபடும் ஆபத்து. மேல் முன்பல் 6 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தி, உதடும் மூடாமல் இருந்தால், விழும் குழந்தைக்கு முதலில் உடைவது அதுதான். விளையாடும்போது பல் காப்பு போடுங்கள். (நிலைத்த பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால் நல்ல வாய்ப்பு.) மேல்பற்கள் கீழ்ப்பற்களை முழுக்க மூடும் ஆழ்ந்த கடியில், கீழ்ப்பல்லின் முனை மேலண்ணத்து ஈற்றைக் குத்துகிறதா என்று பாருங்கள். மேல் முன்பற்களுக்குப் பின்னால் பல் பதிந்த தழும்போ புண்ணோ இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

ஒரே ஒரு மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே மாட்டியிருந்தால் ஒவ்வொரு கடியிலும் கீழ்ப்பல் வெளியே தள்ளப்படும், அதன் ஈறு இறங்கும். பக்கத்துப் பல்லின் ஈற்றோடு ஒப்பிட்டால் ஒரு படி கீழே இருப்பது கண்ணாடியிலேயே தெரியும். முன்பற்கள் சேராத திறந்த கடியில் பாரம் முழுக்கக் கடைவாய்ப் பற்கள்மேல் விழும். பேச்சில் 'ச', 'ஸ' கசியும். தெத்துப்பல்லும் நெருக்கமும் உள்ளவர்களுக்குத் தொல்லை துலக்குவதில்தான். பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மடிப்புக்குள் பிரஷ் போகாது. அங்கே மட்டும் இரத்தம் கசிந்தால் இடுக்கு பிரஷ் வாங்குங்கள். பல்லை நேராக்கும் வரை ஈறு காத்திருக்காது.

குழந்தைகளில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். வாயை மூடும்போது முதலில் நேராக வந்து, கடைசி நொடியில் தாடை ஒரு பக்கம் வழுக்கிப் போய்ச் சேர்ந்தால், மேல்வரிசை குறுகலாக இருக்கிறது. வளரும் வயதில் மேலண்ணத்தை விரிப்பது எளிது. வளர்ந்த பிறகு அறுவை வரை போகலாம். 7 வயதுக்குள் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

"காது வலி, காது அடைப்பு. காதில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்"

தாடை மூட்டு காதுத் துளைக்கு ஒரு விரலளவு முன்னால்தான் இருக்கிறது, மூளைக்கு இரண்டும் ஒரே திசையிலிருந்து கேட்கும். காது மருத்துவர் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்ன பிறகு, மெல்லும்போது கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் மேலே சொன்ன தசை, மூட்டு வழிகளில் தேடலாம்.

தாடை வலி என்ற பெயரில் வரும் வேறு இரண்டு. நடந்தால், படியேறினால் வலித்து, நின்றால் விட்டு, வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் அது இதயம். 50 வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டில் தலைவலி வந்து, நாலு வாய் மென்றதும் தாடை களைத்து, பார்வையும் மங்கினால் நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சி. நாள் தவறினால் கண் போகும்.

"எல்லாம் சரி என்கிறார்கள், எனக்கு மட்டும் கடி சரியில்லை"

மூன்று மருத்துவர்கள் பார்த்து, கார்பன் புள்ளிகளும் சீராக விழுந்து, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தும் கடி தப்பாகவே தோன்றும் நிலை ஒன்று உண்டு. நடிப்பும் இல்லை, பைத்தியமும் இல்லை. பல்லிலிருந்து வரும் செய்தியை மூளை படிக்கும் விதத்தில் சத்தம் கூட்டி வைத்தது போல ஒரு கோளாறு. ஒவ்வொரு முறை ராவும்போதும் இரண்டு நாள் நன்றாக இருந்து, அப்புறம் வேறு ஒரு பல் இடிக்க ஆரம்பிக்கும். இவர்களுக்கு அடுத்த ராவலைவிட, நாள்பட்ட வலியைப் பார்க்கும் மருத்துவர் உதவுவார்.

"கடியை ராவிச் சரி செய்தால் வலி போய்விடும்" என்று உங்களிடம் சொன்னால்

இந்த எண்ணம் பழையது. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், பின்பற்கள் இல்லாமல் தாடை அளவுக்கு மேல் மூடிப்போவதால்தான் காது வலியும் தாடை வலியும் வருகின்றன என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் நல்ல பற்களையெல்லாம் ராவினார்கள், கேப் போட்டார்கள். காஸ்டன் சொன்ன உடற்கூற்றுக் காரணம் நிற்கவில்லை, பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. 2010-இல் அமெரிக்கப் பல் ஆராய்ச்சிச் சங்கம், தாடை மூட்டு வலிக்கு முதலில் மென்மையான, எதையும் நிரந்தரமாக மாற்றிவிடாத சிகிச்சைகளையே செய்ய வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது.

புதிதாகப் போட்ட ஃபில்லிங்கோ கேப்போ உயரமாக இருந்தால் ராவுவது சரி, அது வேறு விஷயம். மற்றபடி, வலிக்காக முழு வாயையும் ராவவோ, எல்லாப் பல்லுக்கும் கேப் போடவோ சொன்னால் எழுந்து வருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். வலி வருவதற்கு முன்பும் என் கடி இப்படித்தானே இருந்தது, அப்போது ஏன் வலிக்கவில்லை? ஒரு மூன்று மாதம் ஒத்தடம், பயிற்சி, கார்டு என்று பார்த்துவிட்டுச் செய்தால் என்ன கெட்டுவிடும்? இதைச் செய்து வலி போகாவிட்டால், என் பல்லைப் பழையபடி ஆக்க முடியுமா?